சன்ரூஃப் இருந்தால் காரின் பாடி தளர்ந்துவிடுமா?

கேள்வி – ஜூன் 3

ஒரே மாடல் கார். ஒன்றில் சன்ரூஃப் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தேன். சன்ரூஃப் இருப்பது திருப்பங்களில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததாகப் பட்டது. கூரையில் அவ்வளவு பெரிய ஓட்டை போட்டால் பாடியின் விறைப்பு போகத்தானே செய்யும்? எனக்கு வேகமாக ஓட்டப் பிடிக்கும். எப்போதாவது டிராக்குக்கும் எடுத்துப் போவேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

ஓட்டை போட்டால் விறைப்பு குறையும். அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் திருப்பத்தில் உணர்ந்தது அந்த ஓட்டையைத்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பாடி விறைப்பு என்று இங்கே பேசுவது முறுக்கு விறைப்பை. பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தை முறுக்கிப் பார்ப்பார்கள். பாடி ஒரு டிகிரி முறுகுவதற்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்பதுதான் எண். இன்றைக்கு வரும் பல கார்களில் அது 20,000க்கு மேல். நல்ல செடான்களில் 30,000 தாண்டுவதும் உண்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜூன் 4

ஒரு அட்டைப்பெட்டியை எடுங்கள். மூடியை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. மூடியை முழுதாகக் கிழித்துவிட்டு முறுக்குங்கள், துணி மாதிரி வளைந்து கொடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சன்ரூஃப் வருகிறது. மூடியை அப்படியே விட்டு, நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் வெட்டுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கட்டும். இப்போது முறுக்கினால் வளையும், ஆனால் மூடியே இல்லாத பெட்டி அளவுக்கு இல்லை.

காரணம் இதுதான். பாடி முறுகும்போது கூரைத் தகடு சாய்சதுரமாகச் சரியப் பார்க்கும். முழுத் தகடாக இருந்தால், எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும், அப்படிச் சரிவதைத் தன் தளத்திலேயே தடுத்துவிடும். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, பெரும்பாலும் முக்கால் மில்லிமீட்டர்தான். கையால் அழுத்தினால் டொக்கு விழுகிற அதே தகடு, பக்கவாட்டில் இழுத்தால் மலை மாதிரி நிற்கும். நடுவில் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு சட்டம். சட்டத்தின் நான்கு மூலைகளும் வளைந்துதான் அந்தச் சரிவைத் தாங்க வேண்டும். வளைந்து தாங்குவது எப்போதுமே கொஞ்சம் தளர்வான வேலை. அதனால்தான் சன்ரூஃப் திறப்பின் மூலைகளை யாரும் கூர்மையாக வெட்டுவதில்லை. எல்லாம் நல்ல வளைவோடு இருக்கும். சுற்றிலும் ஒரு தடித்த எஃகுச் சட்டமும் அடியில் வரும்.

ஜூன் 4, சாயங்காலம்

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். பெட்டிக் கணக்கு ஒரு இடத்தில் நம்மைப் பயமுறுத்திவிடும். அட்டைப்பெட்டியின் பக்கங்கள் முழுச் சுவர்கள். காரில் அப்படியா இருக்கிறது? பக்கத்துக்கு இரண்டு கதவு ஓட்டை, முன்னே விண்ட்ஷீல்டு, பின்னே கண்ணாடி. ஹேட்ச்பேக் என்றால் பின்பக்கம் முழுக்கவே டிக்கி கதவுக்காகத் திறந்து கிடக்கிறது. முறுக்கும்போது வரும் விசை கூரை, பக்கச் சட்டங்கள், தரை, முன் பின் சட்டங்கள் என்று எல்லாவற்றையும் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஏற்கெனவே கதவுச் சட்டங்களும் பின்பக்கத் திறப்பும் பெரிய பங்கு தளர்வைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கூரை கூடுதலாகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மொத்தத்தில் அது சின்னப் பங்குதான்.

உங்கள் பெட்டியின் பக்கச் சுவர்களிலும் ஜன்னல் வெட்டிவிட்டு, பிறகு மூடியில் வெட்டிப் பாருங்கள். இந்தத் தடவை மூடி ஓட்டையால் வரும் வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

இன்னொன்று. கூரையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் விண்ட்ஷீல்டைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஒட்டுப்பசை போட்டு ஒட்டிய விண்ட்ஷீல்டு, முறுக்கு விறைப்புக்கு நன்றாகவே கை கொடுக்கிறது. அதை மாற்றும்போது பழைய பசையைச் சரியாகச் சுரண்டாமல் ஏனோதானோவென்று ஒட்டிவிட்டால், சன்ரூஃபை விட அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 6

"அப்படியென்றால் கூரையை மடக்கி வைக்கும் கன்வெர்டிபிள் கார்கள் எப்படி ஓடுகின்றன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அவை மூடியைக் கிழித்த பெட்டிகள். அப்படியே விட்டால் உருப்படாது. கதவுக்குக் கீழே ஓடும் படிக்கட்டுச் சட்டத்தைத் தடிமனாக்குவார்கள். தரைக்கு அடியில் குறுக்குக் கம்பிகள், சீட்டுக்குப் பின்னால் தடுப்பு என்று எடையை ஏற்றுவார்கள். அப்படியும் பழைய கன்வெர்டிபிள்களில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் விண்ட்ஷீல்டு சட்டம் ஒரு பக்கம், டேஷ்போர்டு ஒரு பக்கம் நடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். சன்ரூஃப் காரில் அப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

அதே சமயம் மாஸ்டா எம்எக்ஸ்-5 கூரையே இல்லாமல், ஓட்டுவதற்கு இனிமையான கார்களின் பட்டியலில் 1989லிருந்து இருக்கிறது. ஏனென்றால் முதலிலிருந்தே கூரை இல்லாமல் வரைந்த கார் அது. பின்னால் வெட்டியது அல்ல.

ஜூன் 7

சரி, எண்களுக்கு வருவோம். இவை நான் ஒரு சராசரி காருக்கு வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் கார் இப்படித்தான் என்று சொல்லவில்லை.

சாய்வு விறைப்பு என்றால், கார் பக்கவாட்டில் ஒரு டிகிரி சாய எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பது. முன் சஸ்பென்ஷனின் சாய்வு விறைப்பு 1,000 நியூட்டன் மீட்டர், பின் சஸ்பென்ஷனுடையது 600, இரண்டும் ஒரு டிகிரிக்கு. நடுவில் பாடி 20,000. இந்த மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த ஸ்பிரிங்குகள். ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது மூன்றும் சேர்ந்துதான் முறுகும். தலைகீழ் கூட்டல் போட்டால், அதாவது 1/1,000, 1/600, 1/20,000 மூன்றையும் கூட்டி வருவதைத் தலைகீழாக்கினால், மொத்தம் 368 வரும். இப்போது சன்ரூஃபால் பாடி 10 சதவீதம் தளர்ந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 18,000 ஆகட்டும். மொத்தம் 367.3. வித்தியாசம் 0.2 சதவீதம்.

இன்னொரு மாதிரி பார்க்கலாம். வேகமான திருப்பத்தில் பாடி வழியாக 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்கு போகிறது என்றால், 20,000 பாடி 0.05 டிகிரி முறுகும், 18,000 பாடி 0.056 டிகிரி. இந்த வித்தியாசம் ஒன்றரை மீட்டர் அகலத்தில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே, 0.15 மில்லிமீட்டர். அதே திருப்பத்தில் வெளிப்பக்க டயர் தன் மேல் விழும் எடை கூடியதால் எத்தனை மில்லிமீட்டர் நசுங்குகிறது தெரியுமா? 2,000 நியூட்டன் கூடினால் 10 மில்லிமீட்டர் வரை போகும். அந்த 10க்குள் இந்த 0.15ஐக் கையால் உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால், அவர் கையை முத்தமிட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போவேன்.

ஜூன் 7, பின்குறிப்பு

10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கிருந்தும் இல்லை, வேண்டுமென்றே கூட்டி வைத்தேன். சன்ரூஃபோடு விற்பதாக முதலிலேயே முடிவு செய்து வரைந்த காரில், திறப்பைச் சுற்றி வரும் சட்டமே போன விறைப்பில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 20 சதவீதம் என்று வைத்தாலும் மேலே சொன்ன 0.2 என்பது 0.5 பக்கத்தில்தான் போய் நிற்கும்.

ஜூன் 9

நேற்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தார். "கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வித்தியாசம் தெரிகிறது" என்று. தெரியலாம் சார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டையால் இல்லை என்றுதான் சொல்கிறேன். இப்போது நிஜக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

எடை. அதுவும் உச்சியில்.

எஃகுத் தகட்டை வெட்டி எடுத்ததில் போனது எவ்வளவு? 80 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் திறப்பு என்றால் இரண்டரை கிலோ கூட இல்லை. வந்தது என்ன? 5 மில்லிமீட்டர் கண்ணாடி, அதுவே 5 கிலோ. அப்புறம் தண்டவாளங்கள், மோட்டார், கேபிள், எஃகுச் சட்டம், வெயில் மறைப்பு, தண்ணீர் தொட்டி மாதிரி ஒரு ஓரக் கால்வாய். சிறிய சன்ரூஃபே 15 கிலோ பக்கம் வந்துவிடும். கூரை முழுக்க நீளும் பனோரமிக் என்றால் 30 கிலோவைத் தொடும்.

நிகரமாக 25 கிலோ கூடியது என்று வையுங்கள். கார் 1,400 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர், கூரை 1,400 மில்லிமீட்டர் உயரத்தில். ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் மேலே போகும். சின்ன எண் மாதிரி இருக்கிறதா? 70 கிலோ ஆள் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் அது 5 மில்லிமீட்டர்தான் ஏறும், ஏனென்றால் அவர் உட்காரும் இடம் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 25 கிலோ கண்ணாடியும் இரும்பும், ஒரு முழு ஆளை விட மூன்று மடங்கு அதை உயர்த்துகின்றன. டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் கொஞ்சம் கீழே இறக்கலாம், அவ்வளவுதான் ஆறுதல்.

திருப்பத்தில் உள் டயரிலிருந்து வெளி டயருக்கு மாறும் எடை, எடையையும் உயரத்தையும் பெருக்கி வருவது. இரண்டும் கூடியதால் 4.5 சதவீதம் கூடும். மேலே பாடி முறுகலில் வந்த 0.2 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கார் சாய்வதும் 0.1 டிகிரி கூடும். இடம், வலம் என்று சட்டென்று மாற்றி மாற்றித் திருப்பும்போது இன்னொன்றும் சேரும்: உச்சியில் இருக்கும் எடை, சாயத் தொடங்கவும் தாமதிக்கும், சாய்ந்தபின் நிற்கவும் தாமதிக்கும். கேள்வியில் "தொளதொளவென்று" என்று சொன்னது இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிஎம்டபிள்யூ 2003இல் எம்3 சிஎஸ்எல் காருக்குக் கார்பன் ஃபைபர் கூரை போட்டதும் இதற்காகத்தான். மிச்சமானது சில கிலோதான். ஆனால் அது மிச்சமான இடம் உச்சி. அதற்கு அடுத்த எம்3 கூப்பேயில் கார்பன் கூரை சாதாரணமாகவே வந்தது. சன்ரூஃப் வேண்டும் என்று கேட்டால் அது போய் எஃகுக் கூரை வரும். கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள், அது அவரவர் விருப்பம்.

ஜூன் 10

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். தலைக்கு மேல் இடம். கண்ணாடி உள்ளே சரிந்து போகிற வகை சன்ரூஃபுக்கு, கூரைக்கும் உள்துணிக்கும் நடுவில் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் தலைக்கு மேலிருந்து போகிறது, இரண்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரை. கொஞ்சம் உயரமானவர்கள் சீட்டை இறக்குவார்கள், அல்லது முதுகைச் சாய்ப்பார்கள். முதுகு சாய்ந்ததும் கைகள் நீளும், ஸ்டியரிங் தூரமாகும், கார் சொல்வது கைக்கு வருவது குறையும். பிறகு "பாடி தளர்வு" என்பார்கள். டிராக்கில் ஹெல்மெட்டும் போட்டால் கதை முடிந்தது. சன்ரூஃப் இல்லாத கார் வேண்டும் என்று டிராக்குக்குப் போகிறவர்கள் சொல்வதற்கு, விறைப்பை விட ஹெல்மெட்தான் நடைமுறைக் காரணம்.

ஜூன் 13

ஆளாளுக்கு வாயால் பேசுவதற்குப் பதிலாகக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று என் காரில் ஒன்று செய்து பார்த்தேன். சன்ரூஃப் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியின் குறுக்கே, மாஸ்கிங் டேப் ஒட்டினேன். நான்கு மூலைகளுக்குப் பக்கத்திலும். ஒவ்வொன்றின் மேலும் சீவிய பென்சிலால் நேர்கோடு போட்டு, இடைவெளி இருக்கும் இடத்தில் பிளேடால் டேப்பை மட்டும் அறுத்தேன். அதே மாதிரி டிக்கி கதவின் இரண்டு பக்க இடைவெளியிலும்.

பிறகு முன் இடது மூலையை ஜாக்கி போட்டுத் தூக்கினேன், சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வரை. பாடிக்கு இதை விட மோசமான முறுக்கு நீங்கள் சாலையில் கொடுப்பது அபூர்வம்.

சன்ரூஃப் கோடுகள் விலகியிருந்தன. விலகல் பென்சில் கோட்டின் தடிமனை விடக் கொஞ்சம் குறைவு. வலப்பக்க முன்மூலையில் நன்றாகத் தெரிந்தது, பின்மூலைகளில் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. டிக்கி கதவில்? கோடு உடைந்து இரண்டாகத் தனித்தனியாக நின்றது, நடுவில் வெள்ளை டேப் தெரிகிற அளவுக்கு. ஜாக்கியை இறக்கியதும் எல்லாம் பழையபடி ஒரே கோடு.

பார்த்ததும் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஹேட்ச்பேக் வாங்கும்போது யாரும் "பின்னால் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறதே" என்று கேட்பதில்லை.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் வையுங்கள், காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. தூக்கியிருக்கும்போது டிக்கியைத் திறந்து மூடிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். கொக்கி சரியாக உட்காராமல் மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 14

டேப் சோதனையைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் வந்தன.

"கண்ணாடி மூடியிருந்தால் விறைப்பு, திறந்தால் தளர்வா?" இல்லை. சரியும் கண்ணாடி ரப்பர் பீடிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூடினாலும் அது எந்த விசையையும் வாங்குவதில்லை. திறப்பு சாய்சதுரமாகும், கண்ணாடி செவ்வகமாகவே இருக்கும், நடுவில் ரப்பர் தேயும். என் டேப்பில் தெரிந்த விலகல் அதுதான்.

"முழுக்க ஒட்டிய கண்ணாடிக் கூரை?" அது வேறு ஜாதி. டெஸ்லா மாடல் 3 மாதிரி கார்களில் கூரைக் கண்ணாடி திறக்காது, சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருக்கும். அந்தக் கண்ணாடி விண்ட்ஷீல்டு மாதிரியே வேலை செய்யும், சரிவதைத் தடுக்கும். அதனால் நான் இதுவரை விறைப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் திறக்கிற வகைக்கு மட்டும் என்று படியுங்கள். ஒட்டிய கண்ணாடியில் விறைப்பு அவ்வளவாகப் போகாது. எடைக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது: ஒரு சதுர மீட்டர் கூரைத் தகடு 6 கிலோ கூட இல்லை, அதே அளவு 5 மில்லிமீட்டர் கண்ணாடி 12.5 கிலோ.

ஜூன் 15

யாரோ "திறந்து வைத்துக்கொண்டு போனால் காது அடைக்கிற மாதிரி தும் தும் என்று அதிர்கிறது, பாடி அதிர்வா?" என்று கேட்டிருக்கிறார்கள். பாடி இல்லை, காற்று. திறப்பின் முன்விளிம்பில் பிரியும் காற்றுச் சுழல்கள் ஒரு வேகத்தில் காருக்குள் இருக்கும் காற்றின் அதிர்வோடு சேர்ந்துகொள்ளும். நொடிக்கு 20 தடவை பக்கம் வரும், அதனால் காதில் ஒலியாக இல்லாமல் அழுத்தமாகத்தான் தெரியும். பின் ஜன்னலை இரண்டு விரல் இறக்குங்கள், போய்விடும். முன்விளிம்பில் எழும்பி நிற்கும் அந்தச் சின்னத் தடுப்பு இருக்கிறதே, அது இந்தச் சுழலை உடைக்கத்தான். சிலர் அழகாக இல்லை என்று கழற்றிவிடுகிறார்கள். கழற்றிவிட்டு இங்கே வந்து கேட்கிறார்கள்.

ஜூன் 18

கார் உருண்டால் என்னாகும் என்ற பேச்சு வந்துவிட்டது. விறைப்பும் உறுதியும் ஒன்றல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். விறைப்பு என்பது சின்ன விசைக்கு எவ்வளவு வளைகிறது என்பது. உறுதி என்பது எந்த விசையில் நசுங்குகிறது என்பது. கூரை நசுங்கும் சோதனையில் அமெரிக்க விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 216, ஒரு தட்டையான இரும்புப் பலகையைச் சாய்வாக வைத்து, விண்ட்ஷீல்டு தூணுக்கு மேலே உள்ள கூரையின் ஓரத்தில் அழுத்தச் சொல்கிறது. முன்பு காரின் எடையில் ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும். 2009இல் அதை மூன்று மடங்காக்கி, இரண்டு பக்கமும் தாங்க வேண்டும் என்று மாற்றினார்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் சோதனையில் 'நல்லது' என்று மதிப்பெண் கொடுக்க நான்கு மடங்கு கேட்டது.

அழுத்தம் விழும் இடத்தைக் கவனியுங்கள்: ஓரம். தாங்குவது தூண்களும் ஓரச் சட்டமும்தான், நடுத் தகடு இல்லை. அதனால் சன்ரூஃப் காரும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. பனோரமிக்கில் நடுத் தூண்களுக்கு இடையே ஓடும் குறுக்குச் சட்டத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். பக்கவாட்டில் மோதினால் ஒரு தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு விசை கடக்கும் பாதைகளில் அதுவும் ஒன்று.

ஓடும் காரின் சன்ரூஃபில் குழந்தையை நிறுத்தி வைப்பவர்களுக்கு இங்கே எந்தக் கணக்கும் இல்லை. இறக்கி உட்கார வைத்து பெல்ட் போடுங்கள்.

ஜூன் 25

இவ்வளவு நேரம் நான் சன்ரூஃபுக்குப் பரிந்து பேசுவது மாதிரி ஆகிவிட்டது. வெளியே கொடுத்து வெட்டிப் போடும் சன்ரூஃப் பற்றி ஒருவர் கேட்டதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

ஒரு காரை அப்படி வெட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். உள்துணியை இறக்கியதும் கூரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்கள் தெரிந்தன. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அங்கங்கே கறுப்புப் பசைப் பொட்டுகள், தகடு அதிராமல் இருக்க. திறப்பு சட்டங்களுக்கு நடுவில் அடங்கவில்லை. வெட்டியவர் யோசிக்கவே இல்லை, தகட்டோடு சேர்த்துச் சட்டத்தின் நடுப்பகுதியையும் அறுத்து எடுத்துவிட்டார். அறுத்த இரண்டு முனைகளும் காற்றில் தொங்கின. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் தகட்டைக் கவ்வி ஸ்குரூ. முடிந்தது. வெட்டிய விளிம்பில் பெயின்ட் கூடத் தொடவில்லை.

அந்தக் காரில் கூரையின் ஓரமாக ஜன்னல் ஏர்பேக் சுருட்டி வைத்திருந்தது. உள்துணியை மறுபடி ஏற்றும்போது அதன் ஒயர் எங்கே போனது என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

தொழிற்சாலையில் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே ஓட்டை போடுவதற்கு முன்பே அதைச் சுற்றிச் சட்டம் வரைந்துவிடுகிறார்கள். இங்கே ஏற்கெனவே இருந்த சட்டத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். துருவும் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். துரு பிடித்து மூலைகள் போன கூரையில் என்னுடைய 10 சதவீதக் கணக்கெல்லாம் செல்லாது.

ஜூலை 2

துரு என்றதும் தண்ணீர்க் குழாய்கள் நினைவுக்கு வந்தன. சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காக இல்லை. கொஞ்சம் உள்ளே வரும், ஓரக் கால்வாயில் சேரும், நான்கு மூலைகளிலிருந்து நான்கு குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி வெளியே விடும். இலைத் தூள் அடைத்துக்கொண்டால் கால்வாய் நிரம்பி உள்துணி வழியாகச் சீட்டில் சொட்டும். உடனே "சன்ரூஃப் ஒழுகுகிறது" என்று ரப்பரை மாற்றச் சொல்வார்கள். முதலில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் வயரை மேலிருந்து விட்டுத் தள்ளலாம். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அடிக்காதீர்கள், குழாய் தூணுக்குள்ளேயே கழன்றுகொள்ளும். அப்புறம் தூணுக்குள் குளம்தான்.

ஜூலை 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தான் ஓட்டிய இரண்டு கார்களின் விவரத்தைப் போட்டிருக்கிறார். பார்த்தீர்களா? சன்ரூஃப் இருந்தது உயர்ந்த வேரியன்ட். அதில் 17 அங்குலச் சக்கரம், மின்சாரச் சீட், பெரிய ஸ்பீக்கர். இல்லாதது அடிப்படை வேரியன்ட், 16 அங்குலம். டயரின் பிராண்டே வேறு. இந்த இரண்டில் சன்ரூஃபை மட்டும் தனியே பிரித்து உணர யாராலும் முடியாது. டயர் காற்று இரண்டு பிஎஸ்ஐ கூடக் குறைய இருந்தாலே அதை விடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

நிஜமாகவே ஒப்பிட வேண்டும் என்றால் சக்கரங்களைக் கழற்றி மாற்றிப் போட்டு, ஒரே காற்று வைத்து, ஒரே திருப்பத்தில் ஓட்டுங்கள். விற்பனைக்கு நிற்கும் காரில் இதைச் செய்ய விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

டிராக்குக்குப் போவேன் என்கிறீர்கள். அப்படியானால் இல்லாததையே வாங்குங்கள். உச்சியில் 25 கிலோ மிச்சம், ஹெல்மெட்டுக்கு இடம் மிச்சம். வீட்டு வேலைக்கு மட்டும் என்றால் பிடித்ததை வாங்கலாம்.

ஜூலை 10

சன்ரூஃப் இருப்பதையே வாங்கிவிட்டாராம்! வீட்டில் பெரும்பான்மை வாக்கு. சரி, வாழ்த்துகள்.

ஒரே ஒரு வேலை. மேடு பள்ளத்தில் மூலைவாட்டாக ஏறும்போது மேலிருந்து கிரீச் என்று சத்தம் வரும். உடனே பாடி முறுகுகிறது என்று இங்கே வந்துவிடாதீர்கள். ரப்பர் காய்ந்து கண்ணாடி விளிம்பில் பிடித்துப் பிடித்து வழுக்குவதுதான் அந்தச் சத்தம். குளிரில் இன்னும் கூடும். ஈரத் துணியால் ரப்பரையும் கண்ணாடி விளிம்பையும் துடைத்து, காய்ந்ததும் ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் மெல்லிசாகத் தடவுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். தண்டவாளத்தில் இருக்கும் கம்பெனி கிரீஸைத் துடைக்க வேண்டாம். தடவியும் சத்தம் நிற்காவிட்டால், கண்ணாடியை இரண்டு சென்டிமீட்டர் திறந்து வைத்து அதே மேட்டில் மறுபடி ஏற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ரப்பர்தான். நிற்காவிட்டால் சன்ரூஃபை விட்டுவிட்டு டிக்கி கதவின் கொக்கியைப் பாருங்கள்.